கீழ் மேல் கீழ் கீழ்

கீழ் மேல் கீழ் கீழ்.
மேல் கீழ் மேல் மேல்.
நிமிடத்துக்கு அறுபது.
கைப்பேசிக்குள் யாரோ நகத்தால் தட்டுகிறார்கள்.
சத்துவாச்சாரியில் மூன்றாம் மாடி, ஒற்றை அறை.
ராத்திரி ஒன்பதேகால் ஆகியும்
எதிரே பாறைமலை
பகலில் குடித்த வெயிலைக் கக்கி முடிக்கவில்லை.

பௌரான் என்று பெயர்.
ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்கு வந்த நீவ்
ஊர் திரும்பும் காலையில்
பெட்டி மூன்று கிலோ கூடிப்போனதால்
இரண்டாயிரம் ரூபாய்க்கு என்னிடம் விட்டுப்போனாள்.
கூடவே ஒரு சாண் கட்டை,
இரண்டு முனையும் உருண்டை.
பேனா மாதிரிப் பிடி என்றாள்.
ஆனால் எழுதாதே என்றாள்.

ஆட்டுத்தோல். அதை அவள் சொல்லியிருக்க வேண்டாம்.
ராணிப்பேட்டையில் எனக்குத் தோல் சோதிக்கிற வேலை.
முதுகெலும்பு கிடந்த கோடு நடுவில் மங்கலாக,
கழுத்துப் பக்கம் உண்ணி கடித்த தழும்பு ஒன்று.
எங்கள் லேபில் இரண்டாம் தரமென்று தள்ளியிருப்பேன்.
தழும்பின் மேலேயே அடித்துப் பார்த்தேன்.
சத்தத்தில் தழும்பு இல்லை.

கீழடி தானாக விழுகிறது.
கையின் கனமே போதும்.
மேலடிதான் வம்பு.
தோலைத் தொட்டும் தொடாமலும்
மன்னிப்புக் கேட்பதுபோல் நழுவுகிறது.
நூறு அடியைப் பதிவு செய்து
கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறேன்:
எது மேல், எது கீழ் என்று
சந்தேகமே இல்லாமல் தெரிகிறது.
தெரியக் கூடாது.
அதுதான் பயிற்சி. மொத்தமும் அதுதான்.

மூன்றாம் நாள் படியேறி வந்தார்
வீட்டுக்கார தணிகாசலம்.
"இன்னாம்மா அது, பறையா?"
அவர் கேட்ட தினுசில்
நான் கொடுத்த அட்வான்ஸ் தொகை
பூஜ்யங்களோடு கண்முன் வந்து நின்றது.
"இல்ல சார். அயர்லாந்து."
"ஓ, ஃபாரினா!"
முகம் நெய்யாக உருகியது.
"வாசிம்மா, வாசி. பத்து மணிக்கு மட்டும் நிறுத்திடு."

கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன்.
நான் பொய் சொல்லவில்லை.
அதனால்தான் உறுத்தியது.
பேரணாம்பட்டில் என் சித்தப்பா
வைக்கோலைக் கொளுத்தி வட்டத்தைக் காய்ச்சுவார்,
தீ பட்டால்தான் அது வாய் திறக்கும்.
இதற்கோ தண்ணீர்.
கத்திரி வெயிலில் விறைத்துப்போய்த் தகரமாய்க் கத்துகிறது,
உள்பக்கம் ஈரத்துணியால் துடைத்து
ஐந்து நிமிடம் காத்திருந்தால்
தொண்டை இறங்கிப் பேசுகிறது.
ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிற குழாய்த் தண்ணீரில்
அரை டம்ளர் இதன் பங்கு.

லேபில் ஓர் இயந்திரம் இருக்கிறது.
தோல்துண்டைக் கவ்வி மடிக்கும், நீட்டும்,
மடிக்கும், நீட்டும்.
ஒரு லட்சம் மடிப்புக்குப் பிறகும்
விரிசல் விடாவிட்டால் பாஸ்.
அதே அட்டையில் ஒன்றை உருவி வந்து
என் மணிக்கட்டுக்காகச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.
மாதிரி எண்: ஒன்று.
நேற்றோடு நாற்பத்தோராயிரம்.
விரிசல்: கட்டைவிரலடியில் ஒரு கொப்புளம்.

இன்று பக்கத்து அறை தில்ஷாத்தைப் பிடித்தேன்.
ஸ்கேன் சென்டரில் நாளெல்லாம் டோக்கன் கூப்பிட்டுக்
காது புளித்துப்போனவள்.
சுவரைப் பார்த்து உட்கார வைத்து
முப்பது அடி, ஒவ்வொன்றாக.
மேலென்றால் கையைத் தூக்கு.
பதினாறு தப்பு.
"சரியா சொன்னதும் குருட்டாம்போக்குதான்" என்று
எழுந்து சோறு வைக்கப் போய்விட்டாள்.

என் வாழ்க்கையில் ஒருத்தி தப்பாகச் சொன்னதற்கு
இவ்வளவு சிரித்ததில்லை.

நாளைக்குப் படியிறங்கும்போது
தணிகாசலத்திடம் ஒரு வார்த்தை சொல்லலாம்.
சார், நீங்க மொதல்ல கேட்டீங்களே,
அதுவும் எங்க வீட்ல இருக்குது.
சொல்லிப் பார்க்கிறேன், தாளத்தோடு,
நாலு முறை, ஐந்து முறை.
கடைசி வார்த்தை மட்டும் மெலிகிறது.

டிக் டிக்கை அறுபத்திரண்டுக்கு ஏற்றினேன்.
ஏற்றியதும் மேலடி மறுபடி நழுவியது.
மணி பத்தாக இன்னும் ஏழு நிமிடம்.